முதலையை அறிதல்

தோற்றுவாய்

சென்ற மாரிக்கால விடுமுறையில் யாம் எமது ஊராகிய உளுந்தூர்பேட்டையில் தங்கியிருந்தபொழுது, ஒருநாட் காலையில் தெருவெங்கும் பரபரப்பு உண்டாயிற்று. "ஏரியில் முதலை வந்துவிட்டது!" என்று சிறுவர்கள் கூவிக்கொண்டு ஓடினர். முந்திய வாரம் பெய்த பெருமழையால் வாய்க்கால்களும் வயல்களும் ஒரே நீர்ப்பரப்பாய்க் கிடந்தன. ஆதலின் அச்செய்தியை ஐயுற்றார் ஒருவருமிலர். யாமும் விரைந்து சென்றோம். கரையோரத்துக் கருவேலம் புதருள், நீண்ட வாலும் கரடான தோலும் உடைய ஓர் உயிர் பதுங்கியிருந்தது. கழிகளும் கற்களும் அதன்மேல் வீழ்ந்தன. அஃது ஓடுதற்கு வழி காணாது இருமுறை சீறியது; சிறிது நேரத்தில் அடங்கிற்று.

அதன் பின்னரே ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர் அவ்விடம் வந்தார். அவர் குனிந்து, அதன் வாயைக் கோலால் நெம்பி, இருபிளவாகப் பிரிந்து நீண்டிருந்த நாவினை எடுத்துக் காட்டி, "தம்பி, இது உடும்பல்லவா! படித்த பிள்ளைகள், நீங்களும் நின்று பார்த்துக்கொண்டா இருந்தீர்கள்?" என்று வினவினார்.

யாம் விடை கூறாது தலை கவிழ்ந்தோம். யாம் கல்லெறிந்திலோம் என்பது மெய்யே. ஆயினும், தடுத்து ஒரு சொற் சொல்லவும் எம்மால் இயலவில்லை. அது முதலையன்று என்பது எமக்கே தெரியாது. குறிஞ்சிப்பாட்டில் வரும் ‘இடங்கர்’, ‘கராம்’ என்னுஞ் சொற்களுக்குப் பொருளெழுதித் தேர்வில் மதிப்பெண் பெற்ற எமக்கு, கண்ணெதிரே கிடந்த உயிர் இன்னதென்று அறியுந் திறம் இல்லாமற் போயிற்று. அந்நாணமே இக்கட்டுரை பிறத்தற்குக் காரணமாகும். கல்லூரிக்கு மீண்டபின் நூல்நிலையத்தில் நூல்களைத் தேடிப் படித்தும், மாமல்லபுரத்தையடுத்த வடநெம்மேலியிலுள்ள முதலைப் பண்ணையில் ஒருநாள் முழுவதும் கழித்தும் யாம் அறிந்தவற்றை, எம்போன்ற மாணவர்க்குப் பயன்படுமென எண்ணி ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம்.

சொல்லும் பொருளும்

முதலை நம் முன்னோர்க்குப் புதியதன்று. கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில், இரவிற் காட்டுவழியே வருந் தலைவனுக்கு நேரக்கூடிய இடையூறுகளைத் தோழி எண்ணிக் கூறுமிடத்து, முதலை, இடங்கர், கராம் என்னும் மூன்று பெயர்களும் அடுத்தடுத்து வருகின்றன. இவற்றை முதலையின் வகைகள் என்று கொள்வது உரைமரபு. இன்று இந்திய நாட்டில் வாழும் முதலையினங்களும் மூன்றேயாதலின், பெயர் மூன்றையும் இனம் மூன்றற்கும் ஒவ்வொன்றாகப் பொருத்திவிடலாமென்று யாம் முதலில் மகிழ்ந்தோம். பின்னர் அது பொருந்தாதென உணர்ந்தோம். ஏனெனில், அம்மூன்றனுள் ஒன்றாகிய கரியால் வடநாட்டுப் பேராறுகளுக்கே உரியது. அது தமிழகத்து ஆறுகளில் வாழ்வதன்று. சொல்லைக் கொண்டு உயிரை அளத்தல் தகாது. உயிரைக் கண்டபின்னரே சொல்லை ஆராய்தல் வேண்டும் என்னும் பாடத்தை இதனாற் கற்றோம்.

திருக்குறளில் இடனறிதல் என்னும் அதிகாரத்தில், ஆழ்ந்த நீருள் முதலை பிறவற்றை வெல்லுமென்றும், நீரை விட்டு நீங்கின் பிறவே அதனை வெல்லுமென்றும் வள்ளுவர் கூறுகின்றார். அரசர்க்குச் சொல்லிய அவ்வறிவுரை முதலையின் இயல்பை எத்துணைத் திருத்தமாக உணர்ந்து சொல்லப்பட்டது என்பது இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும். விவிலியத்தில் யோபு ஆகமத்தின் 41-ஆம் அதிகாரத்திற் பேசப்படும் லிவியாதான் முதலையே என விளக்குவாரும் உளர். கொள்ளிடத்தின் கரையில் முதலைமேடு என்றே ஓர் ஊர் உண்டு. இவ்வாறு நூலிலும் ஊர்ப்பெயரிலும் முதலை நம்மோடு நெடுங்காலம் வாழ்ந்துவருகின்றது.

உடும்பும் முதலையும்

எமது பிழை பிறர்க்கு நேராதிருத்தற்பொருட்டு, இவ்விரண்டற்குமுள்ள வேற்றுமையை முதற்கண் கூறுவோம்.

உடும்பின் நா நீண்டு பிளவுபட்டது. அஃது அதனை அடிக்கடி வெளியே நீட்டி நுகரும். முதலையின் நாவோ வாயின் அடித்தளத்தோடு ஒட்டியிருத்தலின் வெளியே நீளாது. உடும்புக்குக் கழுத்து நீண்டு தெளிவாகத் தோன்றும். முதலைக்குத் தலையும் உடலும் தடித்த கழுத்தால் இணைந்திருக்கும். முதலையின் கண்களும் நாசித் துளைகளும் தலையின் மேற்புறத்தே மேடிட்டு அமைந்தன. உடல் முழுதும் நீருள் மூழ்கியிருப்பினும் அவை மட்டும் மேலே தோன்றும். உடும்புக்கு அவ்வமைப்பில்லை. முதலையின் முதுகில் எலும்புத் தகடுகள் வரிசையாகப் பதிந்திருக்கும். வாலின்மேல் வாள்போன்ற முகடுகள் நிமிர்ந்து நிற்கும். உடும்பின் தோல் சிறு செதில்களால் ஆயது. இறுதியாக, முதலையின் பின்னங்கால் விரல்களுக்கிடையே வாத்தின் காலிற்போலச் சவ்வு காணப்படும்.

உடும்பு பல்லி, ஓணான் முதலியவற்றின் இனத்தைச் சார்ந்தது. முதலையோ அவ்வினத்தைச் சார்ந்ததன்று. இன்று வாழும் உயிர்களுள் முதலைக்கு மிக நெருங்கிய உறவினம் பறவையே என்று உயிர்நூலார் நிறுவியுள்ளனர். பறவைக்குப் போலவே முதலைக்கும் இதயம் நான்கு அறைகளையுடையது. கூடு காத்தலும், குஞ்சைப் பேணுதலும், குரலால் ஒன்றையொன்று அழைத்தலும் இவ்விரண்டிற்கும் பொதுவாம். ஏரிக்கரையிற் கிடந்த உடும்பைக் காட்டிலும், அதன் மேலே வட்டமிட்ட பருந்தே முதலைக்கு அணுக்க உறவு என்பதைக் கேட்டால் எம் ஊரார் நகைப்பர். யாமும் முதலில் நகைத்தோம்.

இனங்கள்

உலகில் முதலைக் குலத்தைச் சார்ந்த இனங்கள் 25-க்கு மேற்பட்டன. இவற்றை மூன்று குடும்பங்களாகப் பகுப்பர். முதலாவது, அலிகேட்டர் குடும்பம். இதனைச் சார்ந்த அலிகேட்டர்கள் வட அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியிலும், சீன நாட்டில் யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் வாழ்வன. கெய்மன்கள் நடு அமெரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் வாழ்வன. இரண்டாவது, உண்மை முதலைக் குடும்பம். ஆப்பிரிக்காவின் நைல் முதலையும், நம் நாட்டு நன்னீர் முதலையும், உவர்நீர் முதலையும் இதனைச் சார்ந்தன. மூன்றாவது, கரியால் குடும்பம். வாயை மூடியிருக்கும்பொழுது கீழ்த்தாடையின் நான்காம் பல் வெளியே தோன்றுமாயின் அது முதலை. தோன்றாது மறையுமாயின் அஃது அலிகேட்டர் என்று எளிதிற் பிரித்தறியலாம்.

இந்திய நாட்டு இனங்கள் மூன்றனுள் நன்னீர் முதலையே தமிழகத்தில் இன்று இயற்கையாக வாழ்வது. இதனைச் சதுப்புநில முதலை என்றும் மகர் என்றும் வழங்குவர். இதன் முகம் அகன்று குறுகியது. பெரும்பாலும் 3 முதல் 4 மீட்டர் நீளம் வளரும். இதனினும் மிக்கன அரிய. இந்தியாவேயன்றி, இலங்கை, நேபாளம், பாகிஸ்தான், ஈரான் ஆகிய நாடுகளிலும் இது காணப்படும்.

உவர்நீர் முதலை இன்று உலகில் வாழும் ஊர்வனவற்றுள் மிகப் பெரியது. ஆண் 5 மீட்டருக்கு மேலும் வளரும். 2011-ஆம் ஆண்டிற் பிலிப்பைன்ஸ் நாட்டிற் பிடிபட்ட ஒன்று 6.17 மீட்டர் இருந்தது. ஒடிசாவின் பிதர்கனிகா, வங்காளத்துச் சுந்தரவனம், அந்தமான் நிகோபார்த் தீவுகள் ஆகிய இடங்களில் இஃது உளது. தென்னிந்தியக் கரையோரங்களிலும் முன்னாளில் வாழ்ந்த இது, வேட்டையாலும் அலையாத்திக் காடுகள் அழிந்தமையாலும் இங்கு மறைந்தொழிந்தது.

கரியால் நீண்டு மெலிந்த மூக்கினையுடையது. அதன் வாயில் நூற்றுக்கு மேற்பட்ட கூரிய பற்கள் உண்டு. வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் மட்குடம் கவிழ்த்தாற்போன்ற ஒரு புடைப்புத் தோன்றும். இந்தியில் மட்குடத்தைக் குறிக்குஞ் சொல்லினின்றே இப்பெயர் பிறந்தது. சம்பல் ஆறே இதன் தலையாய உறைவிடம். 2007-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2008-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அவ்வாற்றில் நூற்றுக்கு மேற்பட்ட கரியால்கள் மாண்டன. மூன்றனுள் இதுவே அழிவுக்கு மிக அணித்தாய் நிற்பது.

உறைவிடம்

நன்னீர் முதலை ஆறு, ஏரி, குளம், சதுப்பு, அணையின் நீர்த்தேக்கம் என எவ்விடத்தும் வாழ வல்லது. ஓடும் நீரினும் தேங்கிய நீரையே அது மிக விரும்பும். தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கில்லை. ஆதலின் காலையில் மணற்றிட்டில் ஏறி வெயில் காயும். வெப்பம் மிகின் வாயைத் திறந்து வைத்துக்கொள்ளும், அன்றி நீருட் புகும். வாயைத் திறந்து கிடக்கும் முதலை இரைக்காகக் காத்திருக்கின்றதென எண்ணுதல் பிழை. அது வெப்பந் தணித்துக்கொள்கின்றது.

கோடையில் நீர் வற்றுங்கால், கரைகளில் வளை தோண்டி உள்ளே ஒடுங்கும்; அல்லது இரவில் நிலத்தின் மேலே நடந்து வேறு நீர்நிலையை நாடிச் செல்லும். இவ்வியல்பினாலேயே முதலையை எதிர்பாராத குளத்தில் ஒருநாள் முதலை தோன்றுகின்றது.

எமது பகுதியின் ஆறுகளை ஈண்டு நோக்குதல் தகும். கல்வராயன் மலையிற் பிறக்குங் கோமுகியும் மணிமுத்தாறும் கிழக்கு நோக்கி இழிந்து வெள்ளாற்றோடு கூடுகின்றன. கெடிலம் கடலூரை நோக்கிச் செல்கின்றது. இவை ஆண்டின் பெரும்பகுதி வறண்டு மணலாய்க் கிடப்பன; முதலை நிலையாக வாழ்தற்கேற்ற ஆழ்மடுக்கள் இவற்றிற் குறைவு. வடக்கே தென்பெண்ணையாற்றின் குறுக்கே 1958-ஆம் ஆண்டிற் கட்டிமுடிக்கப்பெற்ற சாத்தனூர் அணையில் முதலைப் பண்ணை ஒன்று உண்டு. அவ்வாறே திருக்கோவலூரைக் கடந்து செல்கின்றது. தெற்கே, விருத்தாசலம் வழியாக ஒரு காலைப்பொழுதிற் சென்றடையக்கூடிய சிதம்பரத்தை யடுத்துள்ள கொள்ளிடக் கரையோ, தமிழகத்தில் முதலைகள் இன்றும் மக்களூடே வாழும் இடங்களுள் முதன்மையானது. ஆகவே உளுந்தூர்பேட்டையார் முதலையைப் பற்றிப் பேசுதல் வீண்பேச்சன்று. முதலையூர்கள் இரண்டற்கு நடுவே யாம் வாழ்கின்றோம்.

உணவு

முதலைக் குஞ்சு முதலிற் பூச்சிகளையும், நீர்வண்டுகளையும், சிறு நண்டுகளையும், தவளைக் குஞ்சுகளையும் தின்னும். வளர வளர மீனே அதன் தலையாய உணவாகும். பெரிய நன்னீர் முதலை மீனோடு பாம்பு, ஆமை, நீர்ப்பறவை ஆகியவற்றையும், நீர் பருக வரும் விலங்குகளையும் பிடிக்கும். செத்த உடலையும் தின்று நீரைத் தூய்மை செய்யும். உவர்நீர் முதலை மான், பன்றி, எருமை ஆகியவற்றையும் வீழ்த்த வல்லது. கரியாலோ மீனையே பெரிதும் உண்பது. அதன் மெல்லிய மூக்கு நீரை எளிதிற் கிழித்துப் பக்கவாட்டில் வீசி மீனைக் கவ்வுதற்கு ஏற்றதாய் அமைந்துளது. பெருவிலங்கைப் பற்றும் வலிமை அதற்கில்லை.

முதலை துரத்திப் பிடிக்கும் வேட்டுவனன்று; காத்திருந்து பிடிப்பது. அதன் தாடைத் தோலில் நுண்புள்ளிகள் பல உள. நீரில் எழுஞ் சிற்றலையையும் அவற்றால் அஃது உணரும். ஆகவே இருளிலும், கலங்கிய நீரிலும், நீர் மொள்ளும் குடத்தின் அசைவு அதற்குத் தெரியும். இரை பெரிதாயின் அதனைக் கவ்வி நீருள் இழுத்து உருண்டு சுழலும். தொண்டையின் முகப்பில் ஒரு மடல் மூடிக்கொள்ளுதலின், நீருள் வாயைத் திறப்பினும் நீர் மூச்சுக்குழலுட் புகாது.

முதலையின் கடி அளந்தறியப்பட்ட விலங்குக் கடிகளுள் மிக வலியது. ஆயினும், வாயைத் திறக்குந் தசை மிக மெலியது. ஒரு கயிற்றால் வாயைக் கட்டிவிட்டால் அதனாற் திறக்க வியலாது. முதலை பிடிப்போர் இதனை நன்கறிவர். பழமொழி மூர்க்கனோடு சேர்த்துக் கூறும் அப்பிடிவாதம், மூடுந் தாடைக்கே உரியதென்க.

அதன் பேருணவைப் பற்றிக் கதைகள் பல வழங்கினும், உண்மையில் முதலை அளவாக உண்பது. உடல் வெப்பத்தைக் காத்தற்கு உணவைச் செலவிட வேண்டாமையின், ஒருமுறை நன்குண்டபின் பல வாரம், ஏன், பல மாதமும் உணவின்றியிருக்க வல்லது.

இனப்பெருக்கம்

நன்னீர் முதலைகளுள் பெண் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் அடைந்தபின் முட்டையிடத் தொடங்கும். தென்னாட்டில் மாசி, பங்குனித் திங்கள்களில், நீர் வற்றிக் கரை உலர்ந்திருக்குங் காலத்தில், நீருக்கு மேலான மேட்டில் பின்னங்கால்களால் ஒரு முழ ஆழமளவு குழி தோண்டும். அதில் 25 முதல் 30 வரை முட்டையிட்டு, மண்ணால் மூடி, உடலால் அழுத்திச் சமன் செய்யும். கரியாலும் ஆற்று மணற்றிட்டில் இவ்வாறே குழியிலிடும். உவர்நீர் முதலையோ மழைக்காலத்தில் இலைதழைகளையும் சேற்றையுங் குவித்து மேடுகட்டி, 40 முதல் 60 வரை முட்டையிடும். தழை அழுகுதலால் உண்டாகும் வெப்பம் அம்முட்டைகளை அடைகாக்கும்.

ஈண்டு ஒரு வியத்தகு செய்தி உண்டு. மனிதர்க்கும் பறவைக்கும் உள்ளாங்கு, முதலைக்கு ஆண் பெண் என்னும் வேற்றுமை கருவுறும்பொழுதே உறுதிப்படுவதில்லை. முட்டை கிடக்கும் மண்ணின் வெப்பமே அதனை உறுதிசெய்கின்றது. சென்னை முதலைப் பண்ணையில் நிகழ்ந்து 1989-இல் வெளியான ஆய்வின்படி, 31 பாகை செல்சியசும் அதற்குக் குறைவுமான வெப்பத்திற் பெண்களே பொரிந்தன, 32.5 பாகையளவில் ஆண்கள் மிகுந்தன. ஒன்றரைப் பாகை வேற்றுமையில் ஒரு தலைமுறையின் இயல்பே மாறிவிடுகின்றது. நிலவுலகின் வெப்பம் ஏறிவருகின்ற இந்நாளில் இச்செய்தி சிந்திக்கற்பாலது.

ஏறத்தாழ இரண்டு திங்கள் கழிந்தபின், முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுகள் குரல் கொடுக்கும். தாய் அக்குரல் கேட்டுக் குழியை அகழும். குஞ்சு மூக்கு நுனியிலுள்ள சிறு முனையால் ஓட்டைக் கீறி வெளிவரும். எலும்பை நொறுக்கும் அவ்வாயிலேயே தாய் குஞ்சுகளை மெல்லத் தாங்கி நீருக்குக் கொண்டு செல்லும். நன்னீர் முதலைகளுள் தந்தையும் இவ்வாறு குஞ்சுகளைச் சுமத்தலைச் சென்னைப் பண்ணையிற் கண்டு 1986-இல் எழுதியுள்ளனர். ‘முதலைக் கண்ணீர்’ என்று பொய்யன்புக்கு உவமை கூறும் நாம், முதலையின் மெய்யன்பைக் காணத் தவறினோம் போலும்!

இத்துணைக் காப்பிருந்தும் குஞ்சுகளுட் பெரும்பாலன பிழைப்பதில்லை. நாரை, பருந்து, பெருமீன், ஏன், பெரிய முதலையுங்கூட அவற்றைத் தின்னும். முட்டைப் பருவத்திலோ நரியும் காட்டுப்பன்றியும் கீரியும் பகையாகும். இவற்றினும் பெரும்பகை எது எனின், உடும்பேயாம். குழியைத் தோண்டி முட்டைகளைத் தின்று முதலையின் பெருக்கத்தை அளவில் நிறுத்துவது அது. முதலை என்று அஞ்சி எம் ஊரார் கொன்றது முதலையின் பகையை என்பதை இப்பகுதியைப் படித்தபொழுதே யாம் அறிந்தோம். அப்பொழுது நூலை மூடிவைத்துச் சிறிது நேரம் வாளா இருந்தோம்.

காப்பும் பெருக்கமும்

தோலுக்காகவும் முட்டைக்காகவும் நிகழ்ந்த வேட்டையால், 1970-ஆம் ஆண்டையொட்டி இந்திய முதலைகள் மூன்றினமும் அழியும் நிலையை எய்தின. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1975-இல் ஐக்கிய நாட்டு நிறுவனங்களின் துணையோடு முதலைக் காப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. காட்டில் முட்டைகளைத் திரட்டி, பண்ணையிற் பொரிக்கவைத்து, குஞ்சுகளைப் பகைக்குத் தப்பும் அளவு வளர்த்துப் பின் ஆறுகளில் விடுதலே அத்திட்டத்தின் முறை. 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கரும் அவர்தந் துணைவியார் ஜாய் விட்டேக்கரும் பிறரும் சென்னை முதலைப் பண்ணையை நிறுவினர். சாத்தனூர், அமராவதி, ஒகேனக்கல் ஆகிய இடங்களிலும் வனத்துறையாற் பண்ணைகள் அமைந்தன. இம்முயற்சி பெரிதும் பயன் தந்தது. பிதர்கனிகாவில் உவர்நீர் முதலை மீண்டும் பெருகிற்று. நன்னீர் முதலையும் பல ஆறுகளில் நிலைபெற்றது. கரியால் மட்டும் இன்னும் இடரிலேயே உளது.

நிற்க, இவ்வெற்றியே ஒரு புதுத்துன்பத்தையும் உடன்கொணர்ந்தது. அதனைக் கூறாது விடுதல் நேர்மையாகாது.

கொள்ளிடக் கரை

சிதம்பரத்திற்குத் தெற்கே பழைய கொள்ளிடத்தின் கரையிலுள்ள சிற்றூர் மக்கள், குளித்தலும் துவைத்தலும் மாடு கழுவலும் மீன் பிடித்தலும் புல்லறுத்தலும் அவ்வாற்றிலேயே செய்து வாழ்பவர். அவருள் முதலையாற் கைகாலிழந்தாரும் உயிரிழந்தாரும் உளர். ஊர்களுட் புகும் முதலைகளை வனத்துறையினர் பிடித்துப் பெரும்பாலும் வக்காரமாரி ஏரியில் விடுகின்றனர். கோடையில் ஆறு வற்றி மடுக்களாகச் சுருங்குங்கால், முதலையும் மனிதரும் அம்மடுக்களையே நாடவேண்டியிருக்கின்றது. அப்பருவமே முதலை முட்டை காக்கும் பருவமுமாகும். பின்னர் ஆறு பெருகும்பொழுது முதலைகள் வாய்க்கால்வழி பரந்து செல்கின்றன. இடர் மிகுதற்குக் காரணம் இதுவே.

முதலைகளையெல்லாம் பிடித்து அகற்றிவிடின் என்னை எனின், அது முழுத் தீர்வாகாது. முதலைக்குத் தன் இடத்தை நாடி மீளும் ஆற்றல் மிகுதியும் உண்டு. 2007-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், பிடித்து வேறு கடற்கரையிற் கொண்டுபோய் விடப்பட்ட உவர்நீர் முதலையொன்று, 20 நாட்களில் 400 கிலோமீட்டருக்கு மேல் நீந்தித் தன் பழைய ஆற்றிற்கே மீண்டது. மீளாதொழியினும், ஒன்று நீங்கிய நல்லிடத்தைப் பிறிதொன்று வந்து பற்றும்.

எனவே, இடனறிதலே தக்க வழி. இலங்கையில் மாத்தறையின் நில்வள ஆற்றில், குளிக்குந் துறையைச் சுற்றிக் கழிகளை நெருங்க நட்டு வேலியிடுகின்றனர். முதலை உட்புகாது, நீர் மட்டும் உட்புகும். பிதர்கனிகாவைச் சூழ்ந்த ஊர்களிலும் துறைகளுக்கு இவ்வாறு அடைப்பு அமைத்துள்ளனர். குசராத்தின் சரோத்தர் நாட்டிலோ, ஊர்க்குளங்களில் முதலைகளும் மக்களும் நெடுங்காலமாக ஒருங்கு வாழ்கின்றனர். அங்கே முதலை கோடியார் என்னுந் தெய்வத்தின் ஊர்தியாகப் போற்றப்படுகின்றது. அவ்வூரார் முதலையை மதிக்கின்றனர். மதித்தலோடு அதன் பழக்கத்தையும் அறிந்து ஒழுகுகின்றனர்.

ஆற்றங்கரையில் வாழ்வார் கருதவேண்டியவை சில. அந்திக்குப் பின்னும் விடியற்கு முன்னும் நீரில் இறங்கலாகாது. நாள்தோறும் ஒரே துறையில் ஒரே பொழுதில் இறங்குதல் கூடாது, முதலை அதனைக் கண்டுவைக்கும். மீன் கழிவையும் இறைச்சிக் கழிவையும் துறையிற் கொட்டலாகாது. சிறுவரைத் தனியே விடலாகாது. முட்டையிடும் பருவத்தில் மணல்மேடுகளை அணுகலாகாது. முதலையைக் கண்டால் கல்லெறியாது வனத்துறைக்கு அறிவித்தல் வேண்டும்.

ஆயினும் ஒன்று கேட்கின்றோம். இவ்வறிவுரைகளைக் கேட்டு நடக்க யாரால் இயலும்? வீட்டில் குழாயும் குளியலறையும் உடையார் அந்தியில் ஆற்றுக்குச் செல்லார். நாள் முழுதும் கூலிவேலை செய்து இருட்டிய பின்னரே உடல் கழுவச் செல்லும் பெண்ணும், அக்கரைப் புல்லை அறுத்து வந்தாலன்றிப் பசுவுக்கு உணவில்லாத முதியோனுமே செல்வர். முதலைக்கு ஏழை செல்வன் என்னும் வேற்றுமை தெரியாது. எனினும் அதன் வாயில் அகப்படுவார் ஏழையரே. ஆகவே, கரையூர்தோறும் குடிநீர்க் குழாயும், மறைவான குளியற்றுறையும், கால்நடைக்குத் தனி நீர்த்தொட்டியும், ஆற்றைக் கடக்கப் பாலமும் அமைத்தல், முதலையையும் காக்கும், மக்களையும் காக்கும். முதலைக் காப்பு என்பது காட்டுத்துறையின் வேலை மட்டுமன்று. ஊராட்சியின் வேலையுமாம் என்பது யாம் கண்ட முடிபு.

முடிவுரை

முதலை நீருள் வெல்லும், நிலத்தில் தோற்கும். மனிதனோ நிலத்தில் வெல்வான்; நீருள் தோற்பான். ஒருவர் இடத்தை ஒருவர் அறிந்து நடப்பின் இருவர்க்கும் இடமுண்டு. அறியாமையே இருவரையுங் கொல்வது. எம் ஊர் ஏரிக்கரையில் அது மூன்றாவதாக ஓர் உடும்பையும் கொன்றது.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் சென்றபொழுது, யாம் அம்முதியவரைத் தேடிக் கண்டோம். உடும்பின் நா, கழுத்து, செதில், விரல் என்னும் நான்கு அடையாளங்களையும் பள்ளிச் சிறுவர்க்கு ஏரிக்கரையிலேயே சொல்லிக்கொடுக்க எண்ணியிருப்பதைக் கூறினோம். அவர் எம்மை உற்று நோக்கி, "இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள், தம்பி. தெரியாததைக் கண்டால் முதலில் கையை மடக்கிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள்" என்றார். அதனினும் சிறந்த பாடம் எமக்கு எந்நூலிலுங் கிட்டவில்லை. ஆதலின் அவர் சொல்லோடு இக்கட்டுரையை நிறைவு செய்கின்றோம்.